முடுக்கம் சுழி

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகள் எனக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது விசிலுக்குள் பதில் சொல்லிவிட வேண்டுமாம். பெயர் வைத்தவன் யாரென்றும் எனக்குத் தெரியும். கணக்குகளைச் சுத்தமாகப் போடுகிறவன் என்பதால் விட்டுவைத்தேன்.

அந்தக் கோபத்தால் ஒரு வருஷம் ஒரு குடும்பத்தையே பிரித்துவிடப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷங்கள் ஆகியிருந்த சமயம். தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகள் என்றால் தமிழில் பாடம் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பாடம் இங்கிலீஷில், விளக்கம் பாதி இந்தியில், திட்டு மட்டும் தமிழில். பிள்ளைகள் இடைவேளையில் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் இந்தியில்தான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானே தில்லியில் பிறந்தவள். அப்பா மத்திய சர்க்காரில் குமாஸ்தா. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டுக்குள் பேசியது திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, படித்தது பூராவும் இங்கிலீஷ். வாய் நிறையத் தமிழ் பேசுவேனே தவிர, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தமிழ் வாரப் பத்திரிகை வந்தால் அம்மாவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். இதை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. தமிழாசிரியரிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் எனக்கு இன்டர்நெட் பைத்தியம் பிடித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்த தள்ளுவண்டிக்கு மூன்று சக்கரங்கள். அதை வைத்து நியூட்டனின் விதிகளை நடத்தினால் விதிகள் மேலேயே பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது ஒரு சிநேகிதி சொல்லித்தான் தெரிந்தது, வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சிலர் பாடங்களைக் கணினியில் ஓடும் படங்களாகச் செய்து இணையத்தில் சும்மாவே போட்டுவைத்திருக்கிறார்கள் என்று. ஆசிரியர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அடியில் எழுதியும் இருந்தது. தில்லியில் யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் நான் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற ஜாதி. ஒரு வாரம் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மனுஷர்கள் நிஜமாகவே சும்மாதான் கொடுத்திருந்தார்கள்.

பள்ளியில் இணைய இணைப்பு ஆபீஸ் அறையில் மட்டும், அதுவும் டெலிபோன் சும்மா இருந்தால். ஆகவே சனிக்கிழமைகளில் கரோல் பாக் சந்து ஒன்றில் இருந்த சைபர் கஃபேக்குப் போவேன். கடைக்காரர் வயதான சர்தார்ஜி. முதல் தடவை ஆசையாசையாக ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து, நாற்பது பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறையில் கூட்டி, பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். ஓடவேண்டிய எதுவும் ஓடவில்லை. பக்கத்தை மட்டும் எடுத்து, உள்ளே இருக்கிற சங்கதியை விட்டுவிட்டேன் என்று சர்தார்ஜி பிறகு விளக்கினார். டப்பாவை வாங்கிக்கொண்டு லட்டுவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தீர்கள் என்றார். அன்று வகுப்பில் மூன்று விசிலும் ஒரேயடியாக அடித்தது. தப்பு என்னுடையது, வாங்கிக் கட்டிக்கொண்டது பிள்ளைகள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். ஜூலை மாதம். ஈரோட்டுப் பக்கத்து ஊர். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் முழுக்கத் தமிழில் படித்தவள். அவளுடைய அப்பா சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் கார் டிரைவர். ஒன்பது வருஷமாக இங்கே தனியாக ஓர் அறையில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தவர். அந்த ஜூன் மாதம்தான் அவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கிடைத்த மறுவாரமே மனைவியையும் மகளையும் ரயிலேற்றிக் கூட்டிவந்துவிட்டார். பள்ளியில் சேர்க்க வந்த அன்று பிரின்சிபலிடம் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைசி பெஞ்சில் ஒரு பெண் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்கிறாள் என்பது. ஆக்ஸிலரேஷன் என்றால் என்ன என்று கேட்டால் எழுந்து நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள். தப்பாகவாவது ஏதாவது சொல்லித் தொலையேன் என்றால் அதுவும் இல்லை. ஒரு தடவை வாயைத் திறந்து "தெரியிலீங்க மிஸ்" என்றாள். அந்த 'ங்க'வைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு தேர்வு வைத்தேன். திசைவேக வரைபடம் ஒன்று கொடுத்து விவரிக்கச் சொல்லியிருந்தேன். அவள் தாளில் விடை எழுதவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. ஆனால் வரைபடத்தின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாகத் தமிழில் இரண்டு வரி. எழுத்துக்கூட்டி வாசித்தேன். சாய்ந்த கோட்டுக்குப் பக்கத்தில் 'முடுக்கம் மாறிலி'. படுத்த கோட்டுக்குப் பக்கத்தில் 'முடுக்கம் சுழி'.

எங்கள் வீட்டுத் தமிழில் முடுக்கு என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவே போகிற குறுகலான சந்து. சுழி என்றால் தலைச்சுழி, விதி. 'அவன் சுழி சரியில்லை' என்று அம்மா சொல்வாள். மாறிலி மட்டும் புரியவில்லை. ஏதோ பெண்பிள்ளையின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். ஆக மொத்தம், இவள் பரீட்சைத் தாளில் ஊர் முடுக்கையும் சிநேகிதியையும் நினைத்துத் தலைவிதியை நொந்து ஏதோ கிறுக்கி வைத்திருக்கிறாள் என்பது என் முடிவு.

கூப்பிட்டேன். தாளை முகத்துக்கு நேரே பிடித்து, "யாருட்டி இது, மாறிலி?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை நான் கேட்டிருக்கிறேன்.

"எப்பவும் மாறாம இருக்கிறதுங்க மிஸ்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சிநேகிதி மாறவே மாட்டாளாம், இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு, அன்றே பிரின்சிபலுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். விடைத்தாளில் சம்பந்தமில்லாததை எழுதுகிறாள், கேட்டால் துடுக்காகப் பதில் சொல்கிறாள், அறிவியல் பிரிவுக்கு லாயக்கில்லை. கையெழுத்தை அழுத்திப் போட்டேன்.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. வேதியியலிலும் அவள் மார்க் மோசம். வேறு பிரிவில் சேர்ந்தாலும் அங்கேயும் இங்கிலீஷ், இல்லாவிட்டால் இந்தி. பிரின்சிபல் அப்பாவை அழைத்துப் பேசினார். பெண் ஊருக்கே திரும்பி, பழைய பள்ளியில் தமிழில் படிப்பதுதான் அவளுக்கு நல்லது என்று முடிவாயிற்று. அத்தை வீட்டில் தங்கிக்கொள்வாள். செப்டம்பர் கடைசியில் கிளம்ப டிக்கெட் எடுத்தாயிற்று என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள். அவளைக் கொண்டுவிடப் போகும் அம்மா திரும்பிவருவாளா என்பதும் சந்தேகம்தானாம், வயசுப் பெண்ணை எத்தனை நாள் அடுத்தவர் வீட்டில் விடுவது என்று. நான் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு லட்டு கிடைத்தது. சர்தார்ஜி உள்சங்கதியோடு சேர்த்து ஒரு சி.டி.யில் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்திருந்தார். மறுபடி நாற்பது பிள்ளைகள், ஒரே திரை. இந்தத் தடவை ஓடியது. ஒரு சிவப்பு வண்டி மேட்டிலிருந்து சரிவில் இறங்கும், பிறகு சமதளத்தில் போகும். வண்டி ஓடும்போதே கீழே v, a என்று இரண்டு வரைபடங்கள் தாமாக வளரும். ஒரு வார்த்தை கிடையாது.

வரைபடங்களை மறைத்துவிட்டு வண்டியை மட்டும் ஓடவிட்டேன். வேகத்தின் கோடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவராக வந்து போர்டில் வரையச் சொன்னேன். குக்கர் என்று பெயர் வைத்த மகானுபாவன் முதலில் வந்து, மேலிருந்து கீழே இறங்கும் கோடு ஒன்று போட்டான். மேட்டின் படத்தையே வரைந்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவர்களும் அப்படியே. எனக்கு ஒரு விசில் வந்துவிட்டது. எரிச்சலில், கடைசி பெஞ்சுக்காரியையும் கையைக் காட்டி வரச் சொன்னேன்.

அவள் வண்டியை ஒரு தரம் பார்த்தாள். சாக்பீஸை வாங்கி, கீழிருந்து மேலே ஏறும் நேர்கோடு ஒன்று போட்டாள். பிறகு அதன் நுனியிலிருந்து படுத்த கோடு. நான் மறைத்திருந்ததைத் திறந்தேன். அச்சாக அதேதான். வேறொரு சரிவை வைத்தேன், அதையும் சரியாகப் போட்டாள். வண்டியை மேட்டில் ஏறவிட்டேன், அதுவும் சரி.

"எப்படிட்டி தெரியும் உனக்கு?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரிவுல எறங்கறப்ப முடுக்கம் மாறிலிங்க மிஸ். சமதளத்துல முடுக்கம் சுழிங்க."

அதே வார்த்தைகள். சந்தும் சிநேகிதியும் தலைவிதியும். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முடுக்கம் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. கேலி துளியும் இல்லை. மிஸ்ஸுக்குப் போய் இது தெரியாமல் இருக்குமா என்ற ஆச்சரியம்தான். திரைக்குப் பக்கத்தில் போய், இரண்டாவது வரைபடத்தின் மூலையில் இருந்த a என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதானுங்க மிஸ். எங்கூர்ல ஆட்டை முடுக்கறதுன்னு சொல்லுவோமுங்க, தொரத்தறதுக்கு. தொரத்துனா வேகம் கூடுமில்லீங்களா?"

அப்படியானால் சுழி பூஜ்யம். மாறிலி மாறாத எண். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரியும் நான் கேட்ட கேள்விக்கு முழுவிடை. நாற்பது பேரில் வேறு யாரும் அவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கவில்லை. அதற்குத்தான் 'லாயக்கில்லை' என்று நான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

வகுப்பு முடியும்வரை எப்படி நின்றேன் என்று தெரியாது. நேரே பிரின்சிபல் அறைக்குப் போனேன். குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நீங்கள்தானே உங்கள் கையால் எழுதினீர்கள் என்றார்.

"அவளுக்கு ஃபிசிக்ஸ் தெரியும் சார். எனக்குத்தான் தமிழ் தெரியல்ல."

சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே அழுதேன். இருபது வருஷ சர்வீஸில் அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய்த் தண்ணீர் வரவழைத்தார். கடைசியில், டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்கிறேன், அரையாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், ஆனால் இங்கிலீஷில் எழுதிப் பாஸாக வேண்டும், அதில் சலுகை இல்லை என்றார். வேதியியல் ஆசிரியரிடமும் பேசுகிறேன் என்றார். அப்போதுதான் அந்த ஒன்பது வருஷக் கதையையும் எனக்குச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை சர்தார்ஜி கடையில் வேறொன்றைத் தேடினேன். இயற்பியல் வார்த்தைகளுக்குத் தமிழ். யாரோ ஒரு புண்ணியவான் நீளமான பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து, அதையும் சும்மாவே போட்டிருந்தார். திறந்தால் ஒரே பூச்சிப் பூச்சியாக இருந்தது. தமிழ் எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுத்துகள் தமிழாக மாறியதும் சர்தார்ஜி எட்டிப் பார்த்து, மேடம்ஜி, உங்கள் பாஷை ஜிலேபி மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. பதினான்கு பக்கம் அச்செடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இருவரும். ஒரு படத்தை ஓடவிடுவோம். நடப்பதை அவள் தமிழில் சொல்வாள். நான் பட்டியலில் விரலை ஓட்டி எழுத்துக்கூட்டித் தேடி, இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள். உந்தம் என்றாள், மொமென்டம் என்றேன். நிலைமம் என்றாள். நான் 'நிலமை' என்று வாசித்துத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பொறுக்கமாட்டாமல் பட்டியலை வாங்கி அவளே கண்டுபிடித்துக் கொடுத்தாள். வாசிப்பில் என் லட்சணம் அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. தெரியாத வார்த்தை வந்தால் நான் திணறுவதற்கு முன்னாலேயே தற்செயலாகப் படிப்பதுபோல மெல்ல வாய்விட்டுப் படித்துவிடுவாள். என்னை யாரும் அவ்வளவு நாசூக்காக நடத்தியதில்லை.

ஒரு நாள் திடீரென்று, "ஆக்ஸிலரேஷனும் எங்கப்பா காலுல அமுக்குற ஆக்ஸிலேட்டரும் ஒண்ணுதானுங்களா மிஸ்?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன். அப்படியானால் பிரேக்கும் ஆக்ஸிலரேஷன்தான், எதிர்ப்பக்கம், என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போனவர்களிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்தேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், எழுந்து நின்றுவிட்டாள்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்தது. அவள் தாளை அடுக்கில் கடைசியாக வைத்துத் திருத்தினேன். இங்கிலீஷ் இலக்கணம் வண்டி சரிவில் உருள்வது போல உருண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இயற்பியல் நிமிர்ந்து நின்றது. தாராளமாகப் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். எழுபதுக்கு நாற்பத்தொன்று வந்தது. மறுபடி கூட்டினேன், அதேதான். வேதியியலிலும் மயிரிழையில் தப்பியிருந்தாள்.

பெற்றோர்களை அழைத்த நாளன்று பிரின்சிபல் என்னிடம், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். அப்பாவும் மகளும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் டிரைவர் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. கிட்டே போகிறவரை என்னவெல்லாமோ சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். என் தவறு, உங்கள் பெண்ணின் புத்தி, இனிமேல் கவலை வேண்டாம் என்று. எதிரில் போனதும் எல்லாம் மறந்துபோயிற்று. தாளை அவர் கையில் கொடுத்தேன். சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் முடிஞ்சிட்டு. பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இதைக் கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று அந்தத் தலையாட்டலில் தெரிந்தது. மகள் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"எந்த வீட்டுக்குங்க மிஸ்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "இங்க இருக்க உங்க வீட்டுக்குத்தான், அண்ணாச்சி."